முப்பதில் நின்ற வரிசை

அத்தியாயம் 14

இடையில் இரண்டொரு வாரம் விட்டுப்போனவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சண்முகப்பிரியா, நாமகிரிப்பேட்டைக்கு உள்ளே தள்ளியிருக்கும் வேப்பங்காட்டுப்புதூர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு டீச்சர். மகள் கனிஷ்காவுக்கும் அவளேதான் டீச்சர். புருஷன் குமரகுரு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே ராய்ப்பூர்ப் பக்கம் போர் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் வீட்டுக்கு வந்து பதினாறு மாதம் ஆகிறது.

ரிக்காரர் வீட்டுப் பெண்களுக்கு மழைக்கணக்கே வேறு. அங்கே மழை பிடித்தால்தான் காடெல்லாம் சேறாகி வண்டி நிற்கும். வண்டி நின்றால்தான் ஆள் வருவான். போன மழைக்காலத்தில் முதலாளி வண்டியை ராஜஸ்தானுக்குத் திருப்பிவிட்டார். அங்கே மழையும் பெய்யவில்லை, குமரகுருவும் வரவில்லை. தினமும் செய்தியில் வானிலை வரும்போது சண்முகப்பிரியா சேலத்தைப் பார்ப்பதை விட்டு ஜெய்ப்பூரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால் நம்புங்கள்.

இந்த வருஷம் மழைக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது. ஆனால் வேறு ஒரு வழி பிறந்திருந்தது. ஒற்றைக் குழிக்காக யாரும் அவ்வளவு தூரத்திலிருந்து வண்டி அனுப்ப மாட்டார்கள். ஒரே ஊரில் போர் போட ஐந்தாறு இடம், அவர்கள் பாஷையில் பாயிண்ட், சேர்ந்தால் முதலாளி யோசிப்பார். மாமனார் காளியண்ணன் பத்து நாளாக அலைந்து தன்னோடு சேர்த்து ஆறு தோட்டத்துக்காரர்களைச் சேர்த்துவிட்டார். அதுதான் போன வாரக் கதை. இன்று வெள்ளிக்கிழமை, பள்ளியில் கண்காட்சி.

காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு மிஷினை நிறுத்தியதும் அவன் கூப்பிடும் நேரம் அது.

"முழிச்சுட்டியா பிரியா?"

"முழிக்காம என்ன? சந்தவைக்கு அரிசி ஆட்டிக்கிட்டு இருக்கறேன். சாப்புட்டீங்களா?"

"இந்நேரத்துக்கு எவன் சோறு போடறான்? இப்பத்தான் நிறுத்துனோம். காதுக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டே இருக்குது." அவன் சிரித்தான். "சேதி கேளு. நாளைக்குக் காலைல ஓனரு நம்மூருக்கு வாராரு. ஆறு பேரும் நேர்ல நின்னு சரின்னு சொல்லோணும். சொல்லிட்டாங்கன்னா நாளைக்கே வண்டி கெளம்பிரும். அஞ்சாம் நாளு நான் ஊட்ல."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"எத்தனை நாளைக்குங்க?"

"பாயிண்டுக்கு ரெண்டு நாள்னாலும் பன்னெண்டு நாளு. அப்பறம் வண்டி சர்வீசுக்கு நிக்கும். இருபது நாள்னு வெச்சுக்கோயேன். கனிஷ்கா இப்ப எம்புட்டு ஒசரம் இருக்கறா?"

"உங்க தோளு..."

"வேண்டாம், வேண்டாம். சொல்லாத. வந்து நானே நிக்க வெச்சுப் பாத்துக்கறேன்."

போனை வைத்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபது நாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாளையெல்லாம் கூட்டினால் மூன்று வருஷம் தேறினால் அதிகம். அதோடு இன்னொரு இருபது நாள். அவளுக்கு அவன் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும், சும்மா எதற்காவது சண்டை போடவும், ராத்திரி லைட்டை அணைக்கச் சொல்லவும் அவன் வேண்டும். இதைப் போனில் சொல்ல அவளுக்குக் கூச்சம். சொன்னால் அங்கே அவனுக்கு வேலை ஓடாது.

வாசலில் காளியண்ணன் கயிற்றுக் கட்டிலை இழுத்து முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மாமியார் போய் ஆறு வருஷமாகக் கவனிப்பாரில்லாமல் கிடந்த கட்டில் அது.

"பேசுனானா சாமி?"

"பேசுனாருங்க மாமா. நாளைக்கு ஓனரு வாராருன்னாருங்க."

"எனக்கும் சொன்னான். ஆறு பேருக்கும் நேத்தே சொல்லிப்போட்டேன். உன்ற கண்காட்சிக்கும் அவங்கல்லாம் வாராங்க. பொழுதோட முடிச்சு அனுப்பிப்போடு, கிறுக்காட்ட பேசிக்கிட்டு நிக்காத." கயிற்றை இன்னொரு இழுப்பு இழுத்தார். "இவன் வந்தான்னா இந்தக் கட்டல்லதான் படுப்பான். மெத்தை ஆவாது அவனுக்கு."

அந்தக் கண்காட்சி உருவான கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நூலகப் பெட்டியில் வந்த ஒரு சின்னப் புத்தகத்தை டிசம்பரில் வகுப்பில் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வீடு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை எதெதற்குச் செலவழிக்கிறது என்று ஒரு பெண் பிள்ளை ஒவ்வொன்றாக அளக்கிற புத்தகம். ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். நாலாம் பக்கத்திலேயே சண்டை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் குளிக்க ரெண்டு குடம்தான், உங்கள் வீட்டில் மாட்டைக் கழுவ எட்டுக் குடம் என்று ஆரம்பித்து, மறுநாள் எல்லாரும் குடமும் கையுமாக அவரவர் வீட்டை அளக்கப் போனார்கள். கை கழுவும் குழாய்த் தண்ணீரை முருங்கை மரத்துக்குத் திருப்பினார்கள். பள்ளியின் செத்துப்போன போர்க் குழியைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, ஜல்லியும் மணலும் கொட்டி, கூரைத் தண்ணீர் அதில் இறங்கக் குழாய் போட்டார்கள்.

புத்தகத்தின் கடைசிப் பகுதி நிலத்தடி நீர். அதில் ஆழத்தை மீட்டரில் போட்டிருந்தது. வகுப்பு முழுக்க முழித்தது. அப்போது தனப்பிரியா எழுந்து, "மீட்டரு, அடியெல்லாம் வெளங்கலைங்க டீச்சர். எத்தனை ராடுன்னு சொல்லுங்க" என்றாள்.

அவ்வளவுதான், கண்காட்சி பிறந்துவிட்டது. போர் போடும்போது பூமிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் இரும்புத் தண்டுதான் ராடு. ஒரு ராடு இருபது அடி. அந்த ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்குக்கூட ராடு எண்ணத் தெரியும். பழைய செய்தித்தாளைச் சாண் நீளத்துக்குச் சுருட்டி ஒட்டினால் அது ஒரு ராடு. ஒவ்வொரு பிள்ளையும் தன் தோட்டத்துக் குழி எத்தனை ராடோ அத்தனை குழாய் உருட்டி, மைதானத்தில் வரிசையாக வைக்க வேண்டும். பக்கத்திலேயே தாத்தா காலத்துக் கிணற்றையும் வைக்க வேண்டும்.

பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்த கணக்கு ஆளுக்கொன்றாக இருந்தது. அதனால் சண்முகப்பிரியா புருஷனிடமே கேட்டாள். ஊரில் பாதிக் குழி அவன் கையால் போட்டது. மூன்று நாள் காலையில் அவன் மனப்பாடமாக ஒப்பிக்க ஒப்பிக்க, அவள் பாடக்குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அப்போது இந்த ஆறு பாயிண்ட் பேச்சே கிடையாது.

பகல் பன்னிரண்டு மணிக்கு மைதானம் தயாராக இருந்தது. கொடிக்கம்பத்துப் பக்கம் எல்லா வரிசையும் ஆரம்பித்தன. கிணறுகள் மூன்று குழாயோடு முடிந்துபோயின. போர்களோ மைதானத்தைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தன. சண்முகப்பிரியா குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக எண்ணி வந்தாள். மதனுடையது நாற்பத்து நாலு, சரி. தீபிகாவுடையது ஐம்பத்திரண்டு, சரி. தனப்பிரியா வீட்டில் போர் கிடையாது. கிணறு மட்டும்தான். மூன்று குழாய்.

அதற்கு அடுத்த வரிசை கனிஷ்காவுடையது. முப்பது.

மறுபடி எண்ணினாள். முப்பதுதான்.

குறிப்பேட்டில் ஐம்பத்தொன்பது என்று எழுதியிருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கவே வேண்டியதில்லை. அவர்கள் தோட்டத்துக் குழி முதலில் முப்பது ராடுதான், அறுநூறு அடி. ஊரே பார்க்கப் போட்டது. அப்புறம் கொரோனா ஊரடங்கில் வண்டி ஊரோடு நின்றபோது, குமரகுரு அதே குழியை இன்னும் இருபத்தொன்பது ராடு இறக்கினான். அப்போது யாரும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சத்தம் கேட்டவர்களிடம் காளியண்ணன் குழியைக் கழுவுகிறோம் என்று சொல்லிவிட்டார். தான் ஆழமாக இறக்கியது தெரிந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் போட்டிக்கு இறக்குவார்கள் என்று பயம். இன்றைக்கு அந்தக் குழியில் மோட்டார் நாற்பது நிமிஷம் ஓடினால் பெரிது.

"கனிஷ்கா, இக்கட்ட வா."

பிள்ளை வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் அம்மாவை அம்மா என்று கூப்பிடுவதில்லை.

"என்னங்க டீச்சர்?"

"இது எத்தனை?"

"முப்பதுங்க."

"உங்கப்பா சொன்னது எத்தனை?"

கனிஷ்கா தரையைப் பார்த்தாள். "தாத்தா எல்லாருகிட்டயும் அறுநூறுன்னுதானுங்க சொல்லியிருக்கறாரு. அறுநூறுலயே தண்ணின்னு."

"எப்பச் சொன்னாரு?"

"பாயிண்டு கேக்கப் போனப்ப. நானும் கூடப் போனனுங்க." குரல் உள்ளே போனது. "அதக் கேட்டுத்தானுங்க டீச்சர் அவங்கல்லாம் சரின்னாங்க. இங்க அம்பத்தொம்பது வெச்சா, ஆரும் போட மாட்டாங்க. வண்டி வராது."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கண்ணில் நிறைந்துவிட்டது.

டீச்சராக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சண்முகப்பிரியாவுக்குத் தெரியும். அம்மாவாக இருந்தாலும் தெரியும். ஆனால் அவள் அந்த நேரத்தில் இரண்டுமாக இல்லை. பதினாறு மாதமாகப் புருஷன் முகத்தை ஐந்தங்குலத் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தியாக இருந்தாள். யார் வந்து எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தாள். முப்பத்து நாலு வரிசையில் ஒன்று. நாளைக்கு ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும்.

அந்நேரம் பார்த்துத் தலைமையாசிரியை தெய்வநாயகி வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். "டீச்சர், பெற்றோரெல்லாம் வந்துட்டாங்க பாருங்க."

"போய் உன்ற எடத்துல நில்லு" என்று மகளிடம் சொன்னாள். குறிப்பேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். முப்பது முப்பதாகவே கிடந்தது.

ஊர் வந்தது. மஞ்சள் வேகவைக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள் கையெல்லாம் மஞ்சளாக இருந்தார்கள். ஆளாளுக்கு அவரவர் வரிசையைத் தேடிப்போய் நின்றார்கள். முதலில் சிரித்தார்கள். "ஏ, நம்முது கக்கூசு வரைக்கும் போயிருச்சே" என்றார் ஒருவர். அப்புறம் கிணற்றின் மூன்று குழாயையும் பக்கத்தில் நீண்டுகிடக்கிறதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. தீபிகாவின் அப்பா வரிசையோடே நடந்துபோய் முடிவில் நின்று திரும்பிப் பார்த்து, "இத்தனைக்குமா போயிட்டோம்" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். புத்தகத்திலிருந்து மதன் ஒரு பக்கம் வாசித்தான். யாரும் பேசாமல் கேட்டார்கள்.

காளியண்ணன் வெள்ளை வேட்டியில் வந்து வேப்ப மரத்தடியில் நின்றார். பேத்தியின் வரிசையைத் தூரத்திலிருந்தே பார்த்தார். கிட்டே போகவில்லை.

போனது ஆத்தாயி. தனப்பிரியாவின் அம்மா. புருஷன் இல்லாமல் ஒன்றரை ஏக்கரையும் இரண்டு மாட்டையும் வைத்துப் பிள்ளையை வளர்க்கிறவள். அவள் காடும் காளியண்ணன் தோட்டமும் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அந்த ஆறு பாயிண்டில் கடைசியாகச் சரி சொன்னவள் அவள்தான்.

ஆத்தாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு குழாயாக விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அவள் வாய் அசைவதைச் சண்முகப்பிரியா பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிக் குழாயில் விரலை வைத்ததும் ஆத்தாயியின் முகம் தெளிந்தது.

"முப்பதுதானுங்க டீச்சர். அண்ணன் சொன்னது சரியாத்தான் இருக்குது. நம்ம காடு ஒட்டுனாப்பல இருக்கறதுக்கு அங்கயும் முப்பதுல வந்துரும்." நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "நேத்து முச்சூடும் தூக்கமில்லைங்க. செவலையையும் மயிலையையும் நாளைக்கு ஏவாரி புடிச்சுக்கிட்டுப் போறேன்னுட்டாரு. மாட்ட வித்துக் குழியப் போட்டு, தண்ணி இல்லைன்னா என்ன பண்றதுன்னு ஒரே ரோசனை. இப்பத்தான் மனசு ஆறுச்சு."

சண்முகப்பிரியா காளியண்ணனைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

அவள் மனசு அப்போது என்ன பாடுபட்டது என்று கேட்காதீர்கள். அஞ்சாம் நாள் ஊட்ல என்று சொன்ன குரல் காதிலேயே இருந்தது. இன்னொரு பக்கம் இந்த மனுஷி, மாட்டை விற்றுப் புழுதியை வாங்கப் போகிறாள். அதையும் ஒரு டீச்சர் சொன்னாள் என்று நம்பி வாங்கப் போகிறாள். பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றி மூன்று மாதம் வாசித்துக் காட்டியவள், இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் வருகிற திங்கட்கிழமை எந்த முகத்தோடு புத்தகத்தைத் திறப்பாள்?

அவள் ஆத்தாயிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். வரிசை ஓரத்தில் மிச்சம் கிடந்த செய்தித்தாளில் ஒரு தாளை இழுத்தாள். மடித்து, கிழித்து, உருட்ட ஆரம்பித்தாள். அவசரத்தில் குழாய் கோணலாக வந்தது.

"ஏனுங்க டீச்சர், என்னாச்சுங்க?"

"இந்த வரிசை இன்னும் முடியலைங்க அக்கா. இன்னும் இருபத்தொம்பது வெக்கோணும்."

ஆத்தாயிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பக்கத்தில் நின்றவர்களுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. சண்முகப்பிரியா தலையை நிமிர்த்தாமல் அடுத்த தாளை எடுத்தாள். இரண்டாவதை உருட்டினாள். இந்த வேகத்தில் இருபத்தொன்பது முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்போது கனிஷ்கா வகுப்பறைக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு உரச் சாக்கு. நேராக வந்து அம்மா முன்னால் கொட்டினாள்.

குழாய்கள். எல்லாம் அழகாக உருட்டி, ஒட்டி, ஒவ்வொன்றிலும் பேனாவால் எண் போட்டது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. அவள் ஐம்பத்தொன்பதையும் முன்பே உருட்டி முடித்துவிட்டுத்தான் பாதியைப் பெஞ்சுக்கு அடியில் ஒளித்திருக்கிறாள்.

யாரும் சொல்லாமலே அவள் உட்கார்ந்து வைக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே வைத்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்ததை வைத்தாள். ஒன்றுகூட எண் மாறவில்லை. தனப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள். வரிசை மைதானத்தைத் தாண்டி, வேப்ப மரத்தைத் தாண்டி, காளியண்ணன் காலடியைத் தாண்டிப் போய் நின்றது.

ஆத்தாயி மெல்ல எழுந்தாள். "அண்ணா, குழியக் கழுவுனோம்னுதானே சொன்னீங்க?"

காளியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுபது வயதில், இத்தனை பேர் முன்னால், அவர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"எறக்குனதுதான் ஆத்தாயி. அம்பத்தொம்பது. நாப்பத்தஞ்சுல கொஞ்சம் கசிஞ்சுது. அதுக்கப்பறம் கடைசி வரைக்கும் வெறும் புழுதி." துண்டைத் தோளில் போட்டார். "நாஞ் சொன்னது பொய்தான். மாட்ட விக்காத."

எதற்காகச் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த ஊரில் எந்த வீட்டுப் பையன் எந்த ராஜ்யத்தில் இருக்கிறான், வந்து எத்தனை மாதமாச்சு என்று எல்லாருக்கும் தெரியும்.

"மாடாவது மிஞ்சுச்சுங்க" என்றாள் ஆத்தாயி. "சோளத் தட்டு வெதைச்சுக்கறேன், மழை வரட்டும்." கனிஷ்காவின் தலையைத் தடவிவிட்டுத் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு மணிக்குள் மற்ற நாலு பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் காளியண்ணனிடம் வந்து, இப்போதைக்கு வேண்டாம் மாமா, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு பேர் பள்ளியில் போட்டிருந்த பள்ளத்தைப் போய்ப் பார்த்து, செத்த போருக்கு மழைத் தண்ணீரை இறக்குவது எப்படி என்று மதனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை வந்து, "கண்காட்சி ரொம்ப நல்லா நடந்துச்சு டீச்சர்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சண்முகப்பிரியாவுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் காளியண்ணன் பேசாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். "சோறு வேண்டாஞ் சாமி, நீங்க உண்ணுங்க" என்றது மட்டும்தான் பேச்சு. அதில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இல்லை.

கனிஷ்கா அடுப்படி வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் வேணும்னேதான் முப்பது வெச்சேன்."

"தெரியும் கண்ணு. நானும் அதப் பாத்துட்டு வேணும்னேதான் உட்டுட்டுப் போனேன்."

பிள்ளை ஆச்சரியமாகப் பார்த்தாள். டீச்சர்கள் அப்படிச் செய்வார்கள் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. கிட்டே நகர்ந்து அம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். காலையில் பிழிய வேண்டும் என்று ஆட்டி வைத்திருந்த சந்தவை மாவு அப்படியே கிடந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு அவளே போன் போட்டாள். அவன் வேலைக்கு ஏறும் நேரம். பின்னால் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, பாயிண்டு ஆறும் போச்சுங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது குழாய், ஆத்தாயியின் விரல், சாக்கு, காளியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தது எதையும் விடாமல் சொன்னாள். "ஆத்தாயக்கா மாட்ட விக்கறேன்னாங்க. என்னால சும்மா இருக்க முடியலைங்க. உங்களக் கேக்காம பண்ணிப்போட்டேன்" என்று முடித்தாள்.

கம்ப்ரஸர் சத்தம் குறைந்தது. அவன் தள்ளி நடந்து போயிருக்க வேண்டும்.

"மாடு விக்கற சேதி எனக்குத் தெரியாது பிரியா."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தா..." அவன் பேச்சை மாற்றினான். "அப்பன ஒண்ணுஞ் சொல்லாத. அறுநூறுன்னு சொல்லச் சொன்னதே நாந்தான். அவரு மாட்டேன்னாரு. ரெண்டு நாளு எங்கூடப் பேசவே இல்ல. நாந்தான் கெஞ்சிச் சொல்ல வெச்சேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கடைசி ராடு வரைக்கும் ஒன்றுவிடாமல் உண்மை ஒப்பித்தவன் அவன். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை.

"எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?"

"எதுக்குன்னு கேக்கற பாரு. ஊட்டுக்கு வரோணும்னுதான். வேற எதுக்கு?"

கோபம் வரவில்லை. வந்தது சந்தோஷம் என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், ஆனால் அதுதான் வந்தது. தான் ஒருத்திதான் இங்கே கிடந்து தவிக்கிறோம் என்று பதினாறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவனும் அங்கே அதே பாடுதான் பட்டிருக்கிறான். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஓனருக்கு இன்னும் சேதி தெரியாது" என்றான் அவன். "காலைல ஆறு பேரப் பாக்கலாம்னு திருச்செங்கோட்டுல இருந்து கெளம்பி வந்துருவாரு. அப்பனால அவரு மூஞ்சியப் பாத்துப் பேச முடியாது. நான் இப்பவே போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

"வேண்டாங்க. வரட்டும்."

"வந்தா ஆரு பேசறது? என்ன பேசறது?"

"நான் பேசறேன். உள்ளதச் சொல்றேன். எங்கூர்ல தண்ணி இல்லைங்க, வண்டிய அனுப்ப வேண்டாம்பேன்." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. வாசற்படியில் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்திலிருந்து திரும்பிய பெரியவரும் வாசலில் நின்றுவிட்டார். பதினாலு வருஷமாக வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டதை அவள் மூன்று பேர் காதிலும் விழச் சொன்னாள்.

"ஆள அனுப்புங்க, எனக்கு அவரு வேணும்னு சொல்லப் போறேன்."